வருவதாகச் சொன்ன நாளும் வந்து சேர்ந்த நாளும்

நாட்டை விட்டுப் புறப்படும் நாளைக் குறிப்பதற்கு நம்மவர்களுக்கு எத்தனையோ வழிகள் உண்டு. ஒருவர் பஞ்சாங்கத்தைப் புரட்டி ராகுகாலம் கழித்து வாசற்படி தாண்டுவார். மற்றொருவர் இரண்டு ரக்அத் தொழுதுவிட்டு வண்டியில் ஏறுவார். வேறொருவர் தலதா மாளிகையில் மலர் வைத்து வணங்கிவிட்டுப் போவார். ஆனால் திரும்பி வரும் நாளைக் குறிக்கும் அதிகாரம் இவர்களில் எவருக்கும் இல்லை. அதனைக் குறிப்பது விமானக் கம்பெனி. அதற்கும் மேலே எசமானர். அவருக்கும் மேலே அரசாங்கங்கள். எல்லோருக்கும் மேலே மழை, யுத்தம், நோய் என்னும் மூன்று பெரிய அதிகாரிகள். இவர்களுள் எவரேனும் ஒருவர் கையெழுத்திட மறுத்துவிட்டால் போதும். வீட்டில் அடுப்பு மூட்டிக் காத்திருப்பவர்கள் காத்திருக்க வேண்டியதுதான்.

இந்தக் காத்திருப்பைப் பற்றி எழுத நினைத்ததும் நமது எண்ணம் திகனவுக்கே சென்றது. கண்டியிலிருந்து மகியங்கனைக்குப் போகும் பாதையில், தென்னக்கும்புரவில் மகாவலியைக் கடந்து, குண்டசாலை, பல்லேகல, கெங்கல்ல என்று ஒவ்வோர் ஊராகத் தாண்டினால் திகன வந்துவிடும். சிங்களவர், முஸ்லிம்கள், தமிழர் என்று மூவினத்தாரும் அருகருகே வாழும் இடம். சுண்ணாம்புக்கல் உடைக்கும் தொழிலுக்குப் பேர் போன பிரதேசம். 1985இல் திறந்து வைக்கப்பட்ட விக்டோரியா அணை இவ்வூர்ப் பக்கத்து வாழ்க்கையையே மாற்றியமைத்தது. பழைய தெல்தெனிய நகரம் நீரினுள் மறைந்தது. அங்கிருந்தோர் மேட்டு நிலத்தில் புதிய நகரம் கண்டனர். அணை கட்ட வந்த அந்நிய நாட்டு எஞ்சினியர்கள் குடும்பத்தோடு தங்குவதற்காகத் திகனவில் வீடுகள் எழுந்தன. அந்த எஞ்சினியர்கள் தங்கள் ஊருக்குத் திரும்பும் நாளைத் திகனவிலிருந்து எண்ணிக்கொண்டிருந்த அதே காலத்தில்தான், நமது மலைநாட்டுப் பெண்கள் வளைகுடா நாடுகளுக்குப் பணிப்பெண்களாகப் புறப்படலானார்கள். அங்கிருந்தபடி திகனவுக்கும் தெல்தெனியவுக்கும் திரும்பும் நாளை எண்ணுவது அவர்கள் முறையாயிற்று. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தை உண்டாக்கிய சட்டமும் அதே 1985ஆம் வருடத்தில் நிறைவேறியதுதான். 1990களில் இந்நாட்டிலிருந்து பிழைப்புத் தேடி வெளிநாடு சென்றோரில் பெண்களே பெரும்பான்மையினராக இருந்தனர்.

கணக்குப்படி பார்த்தால் இது நீண்ட பிரயாணமே அன்று. துபாயிலிருந்து கட்டுநாயக்கவுக்கு ஆகாய விமானம் ஐந்து மணி நேரத்துக்குள் வந்துவிடும். அங்கிருந்து நிட்டம்புவ, வரக்காப்பொல, கேகாலை, மாவனல்லை என்று வந்து, கடுகண்ணாவைக் கணவாயில் ஏறி, கண்டியைத் தாண்டித் திகனவை அடைய, வீதியில் நெரிசல் இல்லையென்றால், இன்னும் நான்கு மணி நேரம். காலையில் அரேபியாவில் தேநீர் அருந்தியவர் இரவுச் சாப்பாட்டுக்குத் தம் வீட்டில் இருக்கலாம். காகிதத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது.

வாசலுக்கு முன்னே ஒரு வாசல்

தாமதம் என்றதும் விமான நிலையத்து ஆசனத்தில் தூங்கி விழும் பிரயாணிதான் பலருக்கும் நினைவுக்கு வருவார். பணிப்பெண்ணாகச் சென்றவளுக்கோ தாமதம் அதற்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது. வளைகுடாவின் ‘கபாலா’ முறையில், வேலைக்கு அழைத்த எசமானரே அவளுடைய இருப்புக்கும் போக்குவரத்துக்கும் பொறுப்பாளர். சவூதி அரேபியாவில் நெடுங்காலமாக, அவருடைய சம்மதத்தின் பேரில் வெளியேறும் அனுமதி கிடைத்தால்தான் ஊர் திரும்புவது சாத்தியம். கட்டார் நாடு இவ்வனுமதி முறையைப் பெரும்பாலான தொழிலாளருக்கு 2018இல் நீக்கியது; வீட்டு வேலை செய்வோருக்கு அந்த விடுதலை கிடைத்தது 2020 ஜனவரியில்தான். இப்படித்தான் உலகம் எங்கும். சமையலறையில் இருப்பவளுக்குச் சட்டம் கடைசியாகவே வந்து சேர்கிறது.

இரண்டு வருட ஒப்பந்தம் முடிந்துவிட்டது, இந்த மாதம் வருகிறேன் என்று அவள் தொலைபேசியில் சொல்வாள். நோன்பு முடியட்டும் என்பார் எசமானி. நோன்பு முடிந்ததும், மகளுக்குப் பிரசவம், அது கழியட்டும் என்பார். சொல்வது பொய்யென்றும் கூற முடியாது. அந்த வீட்டில் பிரசவம் நடக்கத்தான் செய்கிறது. ஆனால் இங்கே திகனவில் ஒரு சின்னப் பையன் நாட்காட்டியில் சிவப்பு மையால் இட்ட வட்டத்தை அழித்துவிட்டு அடுத்த தாளில் இடுகிறான். பையனுக்கு எழுத்துக் கற்பித்த அம்மம்மாவோ உம்மம்மாவோ, அந்த வட்டத்தைப் பென்சிலால் இடு என்று சொல்லிக் கொடுக்கும் அளவுக்கு அனுபவசாலியாகிவிடுகிறாள்.

கதவடைத்த வருடம்

2020ஆம் வருடத்தில் நடந்ததை எந்தக் குடும்பமும் எளிதில் மறந்திருக்காது. ஆயினும் நடந்த வரிசையை ஒரு முறை நினைவுபடுத்துவது நன்று.

பெப்ரவரி முதலாம் திகதி சீனத்து வூஹான் நகரிலிருந்து 33 மாணவர்களை ஒரு விசேஷ விமானம் அழைத்து வந்தது. அது மத்தளையில் இறங்க, மாணவர்கள் தியத்தலாவை இராணுவ முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டு, நோயில்லை என்று கண்ட பின்னர் வீடு சேர்ந்தனர். தேசமே அதைப் பெருமையோடு பார்த்தது. மார்ச் நடுப்பகுதியில் நிலைமை தலைகீழாயிற்று. குவைத்தும் சவூதி அரேபியாவும் பிரயாணிகள் விமானங்களை நிறுத்தின. மார்ச் 19ஆம் திகதி இலங்கையும் உள்ளே வரும் பிரயாணிகள் விமானங்களுக்குத் தன் கதவை அடைத்தது. மறுநாள் நாடெங்கும் ஊரடங்குச் சட்டம். சில தினங்களில் துபாயும் மூடிக்கொண்டது. இடைத்தங்கல் நிலையங்களே மூடிவிட்டபடியால் பயணச்சீட்டுக் கையில் இருந்தும் அது வெறும் காகிதமாயிற்று.

வழக்கமான விமானப் போக்குவரத்துக்காகக் கட்டுநாயக்க மீண்டும் திறந்தது 2021 ஜனவரி 21ஆம் திகதியில். பத்து மாதங்கள்! அதற்கு முன்பே, 2020 டிசம்பர் இறுதியில், பரீட்சார்த்தமாக உக்ரேன் தேசத்து உல்லாசப் பிரயாணிகள் மத்தளைக்கு அழைத்து வரப்பட்டார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். விருந்தாளிக்குக் கதவு திறந்தபோது வீட்டுக்காரர்களில் ஆயிரக்கணக்கானோர் இன்னமும் வெளித்திண்ணையில் நின்றுகொண்டிருந்தார்கள். நோய் பரவாமல் தடுக்கும் கடமை அரசாங்கத்துக்கு இருந்தது. படுக்கைகள் குறைவு, பரிசோதனை வசதிகள் குறைவு என்பதும் உண்மை. ஆனாலும் இந்த வரிசை முறை நமக்கு உவப்பாக இல்லை.

இடையில் விசேஷ விமானங்கள் ஓடாமலில்லை. ஏப்ரல் மாதப் பிற்பகுதியில் பாகிஸ்தானிலும் இந்தியாவிலும் படித்துக்கொண்டிருந்த மாணவர்கள் முதலில் வந்தார்கள். வளைகுடாத் தொழிலாளரின் முறை அதன் பின்னரே வந்தது. குவைத் அரசாங்கம் ஏப்ரலில் பொது மன்னிப்பு அறிவித்திருந்தது. விசா காலாவதியாகித் தங்கியிருந்தோர் அபராதம் இன்றி, அந்நாட்டின் செலவிலேயே ஊர் போகலாம் என்றார்கள். நம்மவர்களும் மூட்டை கட்டிக்கொண்டு அதற்கென ஒதுக்கிய முகாம்களுக்குச் சென்றார்கள். வேலையையும் விட்டாயிற்று, தங்கிய அறையையும் விட்டாயிற்று. நெரிசலான அம்முகாம்களில் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தவர்களை மே மாதத்தில் விமானம் ஏற்றினார்கள். வந்து இறங்கியவர்களில் பலருக்கு நோய் கண்டிருப்பது பரிசோதனையில் தெரியவந்ததும், அங்கிருந்து அடுத்து வரவேண்டியவர்களின் பிரயாணம் தடைப்பட்டது. முதல் விமானத்தில் வந்தவர்களைப் பற்றி ஊரில் பலர் பேசிய பேச்சு இங்கே அச்சிடத் தக்கதன்று. வியாதியைச் சுமந்து வந்தார்கள் என்றார்கள். ஆண்டாண்டாய் அவர்கள் சுமந்து வந்த பணத்தைப் பற்றி அப்போது ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அந்தப் பணத்தின் கணக்கையும் பார்த்துவிடுவோமே. வெளிநாட்டில் உழைப்போர் 2019இல் இந்நாட்டுக்கு அனுப்பியது ஏறத்தாழ 672 கோடி அமெரிக்க டொலர். வர வழியில்லாமல் தவித்த 2020இல் அவர்கள் அனுப்பியது ஏறத்தாழ 710 கோடி. கையில் கொண்டு வருவதும் உண்டியல் முறையில் அனுப்புவதும் தடைப்பட்டு வங்கி வழியே பணம் வந்ததும் இதற்கு ஒரு காரணம் என்பார்கள் பொருளாதாரம் அறிந்தவர்கள். இருக்கலாம். ஆள் வரவில்லை, பணம் வந்தது என்பதே குடும்பங்களுக்குத் தெரிந்த கணக்கு.

வந்து சேர்ந்தவர்களுக்கும் வீடு உடனே கிட்டவில்லை. விமானத்திலிருந்து இறங்கியதும் மூக்கிலும் தொண்டையிலும் பஞ்சுக் குச்சி. பிறகு பஸ் வண்டி. அது கண்டிப் பக்கம் போகுமா, வவுனியாப் பக்கம் போகுமா என்பது ஏறியவர்களுக்கே தெரியாது. தனிமைப்படுத்தல் நிலையத்தில் 14 நாட்கள். அது முடிந்து வீடு வந்ததும் வீட்டுக்குள் இன்னும் 14 நாட்கள். ஐந்து மணி நேரத்து ஆகாயப் பிரயாணத்துக்கு ஒரு மாதக் காவல். வீட்டு வாசலில் ஒட்டிய அறிவித்தலைப் படித்துவிட்டு அயலார் தூரத்தே நின்று கையசைத்தார்கள். தாய் அறைக்குள், பிள்ளை கூடத்தில். கதவடியில் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டுப் பிள்ளை ஓடி வந்துவிட வேண்டும்.

இத்தனைக்கும் நடுவே, 2020 ஆகஸ்ட் 29ஆம் திகதி இரவு, திகனவிலும் சுற்றுவட்டாரத்திலும் பூமி நடுங்கியது. சிறு நடுக்கந்தான், ஆனால் அது அத்துடன் நிற்காமல் அவ்வருட இறுதி வரையில் மீண்டும் மீண்டும் உணரப்பட்டது. புவிச்சரிதவியல் அதிகாரிகள் கருவிகளுடன் வந்தார்கள். நீர்த்தேக்கமா, கல்லுடைப்பா, இயற்கையான அசைவா என்று ஊரெங்கும் ஒரே விவாதம். வீட்டில் இருந்தவர்கள் முற்றத்துக்கு ஓடி வந்து, சுவரில் வெடிப்பு இருக்கிறதா என்று விளக்குப் பிடித்துப் பார்த்து, பிறகு படுத்துறங்கினார்கள். றியாத்திலும் தோஹாவிலும் இருந்த திகனக்காரர்களுக்குப் படுக்கவும் மனமிராது. ஏனென்றால் அவர்கள் கட்டிய சுவர் அது. அதைத் தொட்டுப் பார்க்க அவர்களுக்குத்தான் வழியில்லை.

இவ்வூராருக்கு இப்படிப்பட்ட இரவு இது முதலாவதும் அன்று. 2018 மார்ச்சில் திகனவிலும் தெல்தெனியவிலும் அயலூர்களிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன; எரிந்துபோன கட்டடம் ஒன்றினுள் ஓர் இளைஞர் உயிரிழந்து கிடந்தார். ஊரடங்குச் சட்டம், அவசரகாலச் சட்டம் என்று அடுத்தடுத்து வந்தன. மார்ச் 7ஆம் திகதி முகநூல், வாட்ஸ்அப், வைபர் ஆகியவற்றை அரசாங்கம் முடக்கியது. வதந்தி பரவாதிருக்கவே அவ்வாறு செய்ததாகச் சொன்னார்கள். வெளிநாட்டிலிருந்த மகனுக்கு, தாயின் குரலைக் கேட்க இருந்த செலவில்லாத வழியும் அதனோடு போயிற்று. அடுத்த விமானத்தைப் பிடித்துக் கட்டுநாயக்கவில் வந்து குதித்தாலும், ஊரடங்கு வேளையில் திகனவுக்கு எப்படிப் போவது?

பாலைவனத்து வழி

கொரோனாக் காலத்தைச் சொல்லும்போது, இதுபோல முன்பு நடந்ததே கிடையாது என்பார்கள் இளைஞர்கள். அவர்களுடைய பெரியம்மாமாரையும் சாச்சிமாரையும் கேட்டால் வேறு கதை சொல்வார்கள்.

1990 ஆகஸ்ட் 2ஆம் திகதி ஈராக்கியப் படைகள் குவைத்தினுள் புகுந்தன. அப்போது அந்நாட்டில் ஏறத்தாழ ஒரு லட்சம் இலங்கையர் இருந்தனர். பெரும்பாலோர் வீட்டு வேலைக்குச் சென்ற பெண்கள். விமான நிலையம் அடைபட்டது. எசமானர்களில் பலர் ஓடிப்போனார்கள். சம்பளமும் போயிற்று, எசமானர் வைத்திருந்த பாஸ்போர்ட்டும் போயிற்று. எஞ்சிய வழி ஒன்றே. ஈராக்கைக் குறுக்கே கடந்து, பக்தாத் வழியாக ஜோர்தான் எல்லைக்குப் போவது. அங்கே இரு தேசங்களுக்கும் சொந்தமில்லாத பாலை நிலத்தில், ருவைஷித் என்னும் எல்லையூரை அடுத்து, கூடாரங்களில் பல தேசத்து ஜனங்கள் குவிந்து கிடந்தார்கள். பகலில் நெருப்பு வெயில். தண்ணீர் வண்டி வந்தால் தள்ளுமுள்ளு. எகிப்தியர், வங்காளிகள், பிலிப்பைன் தேசத்தார், நம்மவர் என்று எல்லோரும் ஒரே வரிசையில் நின்றார்கள். குடிபெயர்வுக்கான சர்வதேச அமைப்பு விமானங்களை ஒழுங்கு செய்து, செப்டம்பர் மாதத்திலிருந்து அவர்களைப் பகுதி பகுதியாக அம்மானிலிருந்து ஊர்களுக்கு அனுப்பியது. இந்தியா தனது விமானங்களைக் கொண்டு 59 நாட்களில் ஒரு லட்சத்து எழுபதினாயிரம் பேரை மீட்டது இன்றும் பெருமையாகப் பேசப்படுகிறது. நம்மவர்கள் பட்ட பாட்டை எவரும் சினிமாப் படம் ஆக்கவில்லை.

அந்தத் தாமதத்துக்கு ஒரு விலை பேசப்பட்டது என்பது பலருக்குத் தெரியாத செய்தி. ஐக்கிய நாடுகள் சபையின் நட்டஈட்டு ஆணைக்குழு, ஈராக்கின் எண்ணெய் வருமானத்திலிருந்து, குவைத்தையும் ஈராக்கையும் விட்டு அந்நாட்களில் வெளியேறியவர்களுக்கு ஒரு நிரந்தரத் தொகை கொடுத்தது. தனி ஆளுக்கு 2,500 டொலர். வேறு வகைக் கோரிக்கை எதுவும் செய்யாதவருக்கு 4,000. பணம் வந்து சேர மேலும் பல வருடங்கள் சென்றன. தாமதத்துக்கான நட்டஈடும் தாமதமாகவே வந்தது! ஆயினும் அது வந்தபோது மலைநாட்டில் எத்தனையோ கூரைகளில் புதுத் தகரம் ஏறியது.

2006 ஜூலையில் லெபனான் யுத்தத்திலும் இதே நாடகம் சிறிய அளவில் நடந்தது. எசமானர்கள் காரில் ஏறிப் போக, வீட்டைப் பார்த்துக்கொள் என்று சாவிக்கொத்துடன் விடப்பட்ட நமது சகோதரிகள் உண்டு. பூட்டிய வீட்டினுள் விடப்பட்டவர்களும் உண்டு.

வராமலே போன கப்பல்

கண்டிச் சீமையில் பிரயாணத் தாமதத்தைப் பற்றி எழுதுகிறவர் தோட்டத்துத் தமிழரை விட்டுவிட்டால் அக்கட்டுரை பாதிக் கட்டுரையே ஆகும். 1964 அக்டோபரில் சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்குப் போகவேண்டும். 3,00,000 பேர் இங்கே பிரஜைகளாக வேண்டும். எல்லாம் 15 வருடத்தில் முடிய வேண்டும். எஞ்சிய ஒன்றரை லட்சம் பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. தேயிலைத் தோட்டங்களிலிருந்து தலைமன்னாருக்குப் புறப்பட்ட புகையிரதத்தை ஜனங்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று அழைத்தார்கள். கங்காணிகளின் காலத்தில் பாட்டனார் வந்த வழியே பேரன் திரும்பிப் போனான். பாட்டனார் மண்டபம் முகாமில் தடுத்து வைத்துப் பரிசோதிக்கப்பட்டுக் கப்பலேறியவர். பேரன் மண்டபம் முகாமில் இறங்கி அடுத்த உத்தரவுக்காகக் காத்திருந்தவன்.

இருக்கட்டும். நாம் சொல்ல வந்தது போனவர்களைப் பற்றி அன்று, போகாமல் காத்திருந்தவர்களைப் பற்றி. இந்தியப் பாஸ்போர்ட் கையில் வந்துவிட்டது. சேமலாப நிதி இன்னும் வரவில்லை. அது வந்தால் கோச்சி ஏறலாம். தோட்டத்துப் பிள்ளைகளின் பள்ளிப் படிப்பை நிறுத்தியாயிற்று, ஆட்டை விற்றாயிற்று, கோழியை அயலாருக்குக் கொடுத்தாயிற்று. 1984இல் தலைமன்னார்–இராமேசுவரம் கப்பல் நின்றுபோனது. யுத்தம் வந்துவிட்டது, கப்பல் பிறகு அந்தத் துறைக்கு வரவேயில்லை. இந்தியப் பாஸ்போர்ட்டை ட்ரங்குப் பெட்டியில் வைத்துக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டவர்கள் ஏறத்தாழ 84,000 பேர் என்று கணக்குச் சொல்கிறார்கள். அங்கும் போகவில்லை, இங்கும் பிரஜையில்லை. 2003இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டமும் அதற்குப் பின் வந்த திருத்தங்களுமே அவர்களுக்கு வழி பிறப்பித்தன. அதற்குள் காத்திருக்கத் தொடங்கிய பெரியவர்களில் பலர் தேயிலைச் செடிகளுக்கு நடுவே அடக்கமாகிவிட்டார்கள். ‘வீட்டுக்குப் போதல்’ என்றால் எந்தத் திசை என்று அவர்களுடைய பேரப்பிள்ளைகளைக் கேளுங்கள்; அவர்கள் லயத்தைத்தான் காட்டுவார்கள்.

கைப்பையில் என்ன இருக்கிறது?

இவையெல்லாம் பெரிய தாமதங்கள். ஒரு குடும்பத்தின் கைக்கு மீறியவை. சிறிய தாமதங்களோ வருடந்தோறும் நடக்கின்றன. 2017 ஜனவரி 6 முதல் ஏப்ரல் 6 வரையில் கட்டுநாயக்க ஓடுபாதையைச் செப்பனிடுவதற்காகத் தினமும் காலை எட்டரை மணி தொடக்கம் மாலை நாலரை மணி வரையில் விமான நிலையத்தை மூடியிருந்தார்கள். 2024 ஏப்ரல் 16ஆம் திகதி துபாயில் 75 வருடத்தில் காணாத மழை பெய்து விமான நிலையமே குளமாகி, பிரயாணிகள் நாட்கணக்கில் தரையில் படுத்துக் கிடந்தார்கள். பாலைவனத்தில் வெள்ளத்தால் தடைப்பட்டேன் என்று சொன்னால் வீட்டார் நம்புவார்களா என்று அன்று பலர் கவலைப்பட்டிருக்கக் கூடும்!

இத்தகைய வேளைகளில் உதவும் சில காரியங்களை நமது சகோதரிகளுக்குச் சொல்லி வைப்போம். மருந்தைப் பெரிய சூட்கேஸில் வைக்கவே கூடாது. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து எடுப்பவர்கள் மூன்று நாளைக்குப் போதுமானதை, வைத்தியரின் சீட்டோடு, கைப்பையில் வைக்கவேண்டும். ஒரு மாற்றுடை, ஒரு மெல்லிய போர்வை. விமான நிலையத்துக் குளிர் நுவரெலியாவைத் தோற்கடிக்கும். கைத்தொலைபேசி உயிரிழந்தால் உள்ளிருக்கும் இலக்கங்களும் அதனோடு போய்விடுமாகையால், வீட்டு இலக்கத்தையும் அந்நாட்டிலுள்ள நமது தூதரகத்தின் இலக்கத்தையும் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். தாமதம் சில மணி நேரத்தைத் தாண்டினால் கம்பெனியின் மேசைக்குச் சென்று உணவுச் சீட்டுக் கேட்க வேண்டும். இரவு தாண்டினால் தங்குமிடம் கேட்க வேண்டும். பெரும்பாலும் கேட்பவர்களுக்கே கிடைக்கிறது. நமது பெண்கள் கேட்பதில்லை. ஏழெட்டு வருடம் பிறர் வீட்டில் கேளாமலே இருந்து பழகியவர்கள். மேசைக்குப் பின்னால் சீருடையில் நிற்பவரும் அவர்களுக்கு ஓர் எசமானராகவே தோன்றுகிறார்.

சட்டமும் கொஞ்சம் தெரிந்திருக்கட்டும். 1999ஆம் வருடத்து மொன்ட்ரியல் உடன்படிக்கையில் இலங்கையும் சேர்ந்திருக்கிறது. தாமதத்தால் பிரயாணிக்கு உண்டாகும் நட்டத்துக்கு விமானக் கம்பெனி பொறுப்பு என்கிறது அது. தவிர்ப்பதற்கு நியாயமாகச் செய்யக் கூடியதனைத்தையும் செய்தோம் என்று கம்பெனி நிரூபித்தால் மட்டுமே அப்பொறுப்பிலிருந்து விலகலாம். பெட்டி சேதமாகி வந்தால் 7 நாட்களுக்குள்ளும், பிந்தி வந்தால் கைக்குக் கிடைத்ததிலிருந்து 21 நாட்களுக்குள்ளும் எழுத்தில் முறையிட வேண்டும். வழக்குத் தொடர 2 வருடமே அவகாசம். ஆகவே பயணச்சீட்டையும், விமானத்தில் ஏறும் அட்டையையும், பெட்டியில் ஒட்டிய துண்டையும் வீடு வந்த மகிழ்ச்சியில் அடுப்பில் போட்டுவிடாதீர்கள். பணியகத்தில் பதிந்து சென்றவர்களுக்குக் காப்புறுதி உண்டு. அந்தப் பதிவுத்துண்டும் பத்திரம்.

வீட்டிலிருப்போருக்கும் ஒரு வார்த்தை. விமானம் இடைத்தங்கல் நிலையத்தை விட்டுக் கிளம்பிவிட்டது என்று அறிந்த பின்னரே வேன் பேசுங்கள். வாடகை வேன்காரர் காத்திருப்பதற்கும் மணிக்கணக்கில் பணம் எடுப்பார். அவரும் பிள்ளைகுட்டிக்காரர், குறை சொல்வதற்கில்லை. இருபது பேர் சேர்ந்து புறப்படும் வழக்கத்தைக் கைவிட்டால் நல்லது. முதல் நாளே புரியாணிக்கு இறைச்சி வாங்கிவிடுகிற ஆர்வக்காரர்களுக்கு நாம் என்ன சொல்ல? வந்தவள் கேட்கப்போவது பருப்பும் சம்பலும்தான்.

கடைசி நூறு மைல்

கட்டுநாயக்கவில் இறங்கிவிட்டால் வந்துவிட்டதாகவே எண்ணுவோம். மலைநாட்டானுக்கு அதுவும் நிச்சயமில்லை. கடுகண்ணாவை ஏற்றத்தில் மழைக்காலத்தில் மலையிலிருந்து கல்லும் மண்ணும் எப்போது இறங்கும் என்று சொல்ல முடியாது. 2021 நவம்பரில் அந்த வழி மூடப்பட்டு வாகனங்கள் சுற்றுவழியே அனுப்பப்பட்டன. 2025 நவம்பரில் பஹல கடுகண்ணாவையில் வீதியோரத்துக் கடையொன்றின் மீது மண்ணும் பாறையும் சரிந்து உயிர்கள் பலியாயின. அந்தத் துக்கம் ஆறுவதற்குள் அதே மாத இறுதியில் டிட்வா புயல் வந்தது. கண்டி மாவட்டம் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டவற்றுள் ஒன்று. மலையேறும் வீதிகள் பல இடங்களில் அறுந்தன; 1867இல் கண்டிக்கு வந்த புகையிரதப் பாதையும் தப்பவில்லை. கட்டுநாயக்கவில் அகப்பட்டுக்கொண்ட இந்தியப் பிரயாணிகளை அவர்களுடைய விமானப்படை வந்து அழைத்துச் சென்றது. இங்கே இறங்கிய மலைநாட்டாருக்கோ, சொந்த மண்ணில் நின்றுகொண்டே ஊருக்கு வழி கேட்க வேண்டிய நிலை. தொலைபேசித் தொடர்பும் அறுந்தமையால் வீட்டில் உள்ளவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாமலே, உறவினர் வீடுகளில் அவர்கள் இரவைக் கழித்தார்கள்.

வழி திறந்து, வேன் கெங்கல்லவைத் தாண்டித் திகனச் சந்தியில் திரும்பும்போது, வருகிறவள் தூங்கிவிட்டிருப்பாள். இரண்டு இரவு விழித்திருந்தவளைக் குறை சொல்லலாமா? அயலார் கூடுவார்கள். மாமிமார் கன்னத்தைத் தொட்டு, இளைத்துவிட்டாய் என்பார்கள். பருத்திருந்தாலும் அப்படித்தான் சொல்வார்கள். கயிறு சுற்றிய பெட்டிகளைக் கூடத்தில் இறக்கி, கத்தி கொண்டு அறுத்து, சவர்க்காரம், பால்மா, வாசனைத்தைலம், போர்வை என்று ஒவ்வொன்றாய் எடுத்து வைப்பார்கள். அடியிலே, வருவதாகச் சொன்ன மாதத்தில் வாங்கி வைத்த ஒரு சோடி சப்பாத்து இருக்கும். மகன் ஆசையோடு காலை நுழைப்பான். குதிகால் உள்ளே போகாது. பாட்டி அதை வாங்கித் துடைத்து, பக்கத்து வீட்டுச் சின்னவனுக்குச் சரியாக இருக்கும் என்று சொல்லி அலமாரியின் மேல் எடுத்து வைப்பாள்.